சிலிண்டர் வந்த பிள்ளைகள்

அந்தச் சாயங்காலம் குன்றத்தூர்ப் பையன் முகத்தில் வைத்த ஆக்சிஜன் மாஸ்கை மூன்று முறை பிடுங்கி எறிந்தான். அவனுக்கு ஐந்து வயது. ஆஸ்துமா. ஒரு நர்ஸ் கால்களைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு நர்ஸ் கைகளைப் பிடித்துக்கொள்ள, அவன் அம்மா தலையைப் பிடித்துக்கொள்ள, நான் மாஸ்கை அழுத்தினேன். மூச்சுக்கே திணறிக்கொண்டிருந்த பிள்ளை மிச்சமிருந்த மூச்சையெல்லாம் அலறுவதற்குச் செலவழித்தான். உதடுகள் நீலம் பாரித்து வந்தன. டாக்டர் ஓடிவந்து தோலுக்கடியில் ஓர் ஊசியும், நரம்பில் மெதுவாக இன்னோர் ஊசியும் போட்டார். அரை மணி நேரம் கழித்து இழுப்பு தளர்ந்தது. அவன் உட்கார்ந்தபடியே அம்மா தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். என் முன்கையில் அவன் பற்கள் பதிந்திருந்தன.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. நர்ஸ் வேலையில் இரண்டாவது வருஷம். தாம்பரத்தில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு என் பொறுப்பு. பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள். தாம்பரத்துக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். அதனால் ஆஸ்துமா, நிமோனியா, கக்குவான், நெஞ்சில் சீழ் என்று மூச்சு சம்பந்தப்பட்ட பிள்ளைகளே எங்களிடம் அதிகம் வந்தார்கள்.

மறுநாள் காலை அந்தப் பையன் பாலில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து ஏன் கண்ணு அப்படி அழுத? மாஸ்க் வலிச்சுதா?"

"வலிக்கல."

"பின்ன?"

அவன் நனைந்த ரொட்டியால் ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினான். "அந்தக்கா சொல்லிச்சு. அந்த இரும்பு வந்துச்சின்னா செத்துப்பூடுவாங்களாம்."

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவள் மேடவாக்கத்துப் பெண். ஒன்பது வயது. நிமோனியாவுக்குப் பிறகு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்துக்கொண்டு ஜூன் மாதம் வந்தவள். அவள் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு ரப்பர் குழாய் போட்டிருந்தோம். அதன் மறுமுனை கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடி பாட்டிலில், தண்ணீருக்குள் இருந்தது. குழாயின் நீளத்துக்கு மேல் அவளால் எங்கும் போக முடியாது. ஆனால் வார்டே அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. யாருக்கு எத்தனை மணிக்கு ஊசி, எந்த நர்ஸுக்குக் கை லேசு, எந்த டாக்டர் வந்தால் அழுது பிரயோஜனமில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. "சின்னப் பிள்ளைகிட்ட இப்படியா பயமுறுத்தறது?"

அவள் பயப்படவில்லை. "நா பொய் சொல்லல சிஸ்டர்." விரலை மடக்கினாள். "மூணாம் நம்பர் பெட்டுல ஒரு பாப்பா. தண்ணிக் கொழாயாண்ட ஒரு பையன். ரெண்டு பேருக்கும் அந்த சிலிண்டர் வந்துச்சு. மறுநாளு ரெண்டு பேரும் இல்ல."

"அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு அப்பவே சொன்னேனே."

"செருப்ப வுட்டுட்டா வூட்டுக்குப் போவாங்க?"

குழாயோரத்துப் பையனின் செருப்பு இரண்டு நாள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் நான்தான் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாராவது கேட்டால் 'வீட்டுக்குப் போயிட்டாங்க' என்பது எங்கள் எல்லாருடைய பதில்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் சொன்னேன். ஐம்பது தாண்டியவர், குறைவாகப் பேசுவார். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அவ சொன்னதுல தப்பு எங்க இருக்கு சிஸ்டர்? அவ வந்த பிறகு நேத்தோட சேர்த்து மூணு தடவைதான் சிலிண்டர் வந்திருக்கு. முதல் ரெண்டு தடவையும் என்ன ஆச்சுன்னு அவ பார்த்துட்டா. போன மழைக்காலத்துல எத்தனை பேர் இதே சிலிண்டரால பிழைச்சாங்கன்னு நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது."

"நான் என்ன சொல்லட்டும் டாக்டர்?"

"உண்மையைச் சொல்லுங்க. பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி."

எப்படி என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வார்டு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் சிலிண்டரை உருட்டிவந்து நிறுத்தினேன். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தலை. இரண்டு பிள்ளைகள் போர்வைக்குள் போய்விட்டார்கள்.

"மூணாம் நம்பர் பாப்பாவும் குழாயோரத்துத் தம்பியும் செத்துப்போயிட்டாங்க," என்றேன். "வீட்டுக்குப் போகல. நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அது தப்பு."

பிள்ளைகள் யாரும் அழவில்லை. ஜன்னலோரத்துப் பெண் மட்டும் மெல்லத் தலையை ஆட்டினாள், ஒரு பெரிய மனுஷியைப் போல.

அப்புறம் எனக்குத் தெரிந்தபடி பாடம் நடத்தினேன். நெஞ்சுக்குள்ளே மரத்தின் கிளைகள் மாதிரி காற்றுக் குழாய்கள் இருக்கின்றன. இழுப்பு வரும்போது அவை சுருங்கிப்போகின்றன. ஊசி போட்டால் விரிகின்றன. நிமோனியாவில் நுரையீரல் தண்ணீர் ஊறிய துணி மாதிரி ஆகிவிடுகிறது. நாம் இழுக்கும் காற்றில் உடம்புக்கு வேண்டிய சத்து கொஞ்சம்தான் உண்டு. அந்தச் சத்தை மட்டும் பிரித்து இந்த இரும்புக்குள்ளே அடைத்திருக்கிறார்கள்.

"அவங்களுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. அதனாலதான் சிலிண்டர் வந்துச்சு. சிலிண்டர் வந்ததால முடியாமப் போகல. மழை வந்தா குடை பிடிக்கிறோம். குடை பிடிச்சதால மழை வந்துச்சுன்னு சொல்லலாமா?"

இந்தக் குடை உதாரணத்தைக் காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜன்னலோரத்துப் பெண் யோசித்தாள். "கொட புடிச்சும் ரெண்டு பேரு நனைஞ்சிட்டாங்களே சிஸ்டர்."

"ஆமா. அது ரொம்பப் பெரிய மழை."

"நனையாதவங்க யாருனா கீறாங்களா?"

"நிறைய பேர் இருக்காங்க."

"எங்க?"

"அவங்கவங்க வீட்டுல," என்றேன்.

சொல்லி முடிக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் வாயிலிருந்து வரும் 'வீடு' என்ற சொல்லை அந்த வார்டில் இனி யாரும் நம்பப் போவதில்லை. நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்த வேண்டும்.

பழைய ரிஜிஸ்டர் மேட்ரன் அறையில் இருந்தது. மேட்ரன் நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் நாங்கள் படுக்கை விரிப்புகளைச் சரிசெய்ய ஓடுவோம். நான் விஷயத்தைச் சொன்னதும், "ரிஜிஸ்டரை வெளியே கொண்டுபோக ஒத்துக்க மாட்டேன்," என்றார். நான் திரும்பி நடந்தேன். "எங்க போற? பேனா எடு," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே பக்கம் பக்கமாகப் புரட்டி விலாசங்களை வாசித்தார். முந்தின வருஷ மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்துப் போனவர்கள் எட்டுப் பிள்ளைகள். எட்டு வீட்டுக்கும் கார்டு போட்டேன். ஒன்று, விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. மற்றவற்றுக்குப் பதிலே இல்லை.

எனவே விடுமுறை நாட்களில் நேரிலேயே கிளம்பினேன்.

முதலில் பள்ளிக்கரணை. பஸ்ஸை விட்டிறங்கி, சதுப்பை ஒட்டிக் கோரைப்புல் அடர்ந்த பாதையில் வெகுதூரம் நடந்தேன். வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா என்னை அடையாளம் கண்டதும் முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சிஸ்டர்? பாப்பாக்கு ஏதுனா கீதா? அல்லாம் சரியாப்பூட்சின்னு டாக்டரு அப்பவே சொன்னாரே."

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கா. ஒரு உதவி கேட்டு வந்தேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அந்தப் பக்கமே மறுபடியும் வரக்கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிகினு கீறேன். நல்லாக் கீற புள்ளய அங்க இட்டுகினு வரச் சொல்றியே, இது நியாயமா?"

நியாயமில்லைதான். மாஸ்கைப் பிடுங்கி எறிந்த பையனைப் பற்றி மட்டும் இன்னொரு முறை சொல்லி, கையில் இருந்த பல் தடத்தைக் காட்டினேன். அவள் எனக்குக் குடிக்க மோர் கொடுத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் புடவைக்குப் பின்னால் அந்தப் பெண்குழந்தை நின்று என்னை எட்டிப் பார்த்தது. கன்னம் உப்பியிருந்தது. வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் கரி இன்ஜின் ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். விலாசத்தில் இருந்த வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "அப்பன் கழனிக்குப் போயிருக்காரு. பையன் அதோ," என்று மேலே கை காட்டினார். புளியமரத்தில், என்னைப் போல் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு கிளையில் நின்றுகொண்டு எட்டு வயதுப் பையன் ஒருவன் புளியங்காய் பறித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான்.

பத்து மாதங்களுக்கு முன்னால் அந்தப் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண முடியாமல் எண்ணிக்கொண்டு இரண்டு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அவன் கிளைவிட்டுக் கிளை தாவி, கீழே இருந்த கூட்டாளிகளை உரக்கத் திட்டினான். அந்தச் சத்தம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

இறங்கி வந்தவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"உன் மூஞ்சியில ரப்பர் மாஸ்க் வச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"ஓ, நீங்களா," என்று இரண்டடி பின்னால் போனான். ஊசி இல்லை என்று மூன்று முறை சத்தியம் செய்த பிறகு, ரயிலில் கூட்டிப்போவதாக இருந்தால் வருவதாக ஒத்துக்கொண்டான். அவன் அப்பாவும் சம்மதித்தார்.

இப்படியே பல்லாவரம், குரோம்பேட்டை, பரங்கிமலை என்று அலைந்தேன். இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குன்றத்தூர்ப் பையன் நடுவில் வீட்டுக்குப் போய், மழை தொடங்கியதும் இழுப்போடு மறுபடியும் வந்து சேர்ந்திருந்தான்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பார்வையாளர் நேரம் நாலு மணிக்குத் தொடங்கியது. நாலேகால் வரை யாரும் வரவில்லை. ஜன்னலோரத்துப் பெண்ணுக்கு அவள் அம்மா தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் வாசலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறெங்கோ பார்த்தேன்.

நாலரைக்கு சிங்கப்பெருமாள் கோவில் பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். தலையில் எண்ணெய் வழிந்தது. பின்னாலேயே குரோம்பேட்டையிலிருந்து, வாத்தியார் தம்பதியின் பெண், இஸ்திரி போட்ட கவுனில். பரங்கிமலையிலிருந்து அண்ணனும் தங்கையும். இரண்டு பேருக்குமே ஒரே வாரத்தில் நிமோனியா வந்திருந்தது. கடைசியாக, வார்டு வாசற்படிக்கு வெளியே பள்ளிக்கரணை அம்மா.

"நா உள்ள வரல," என்று இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டாள். குழந்தை இரண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தது. அவளும் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டாள்.

ஐந்து பிள்ளைகள். நான் ஒதுங்கி நின்றேன். ஜன்னலோரத்துப் பெண் சிங்கப்பெருமாள் கோவில் பையனைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"உனக்கு எந்த பெட்டு?"

"அதோ, ரெண்டாவது."

"சிலிண்டர் வந்துச்சா?"

"ரெண்டு நாளு இருந்துச்சு."

"அழுதியா?"

"மொதல்ல அழுதேன். அப்பால அழுவல."

"ஏன்?"

"அழுதா மூச்சு போவுது. சும்மா கெடந்தா வருது."

அவள் இதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். "எப்டி இருக்கும் அது?"

"மொதல்ல ரப்பர் நாத்தம் அடிக்கும். புஸ்ஸுனு பாம்பு மாதிரி சத்தம் வரும். கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆவாது. அப்பால நெஞ்சு மேல குந்திகினு இருந்தவன் எறங்கிப் போவான்."

"யாரு குந்திகினு இருந்தது?"

"யாருமில்ல. ஆனா அப்டித்தான் இருக்கும்."

ஆஸ்துமாப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டினார்கள். காற்றுக் குழாய், மரக்கிளை, ஊறிய துணி என்று நான் என்னென்னவோ சொன்னேன். நெஞ்சு மேல் ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பற்றி எனக்குத் தெரியாது. அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

குரோம்பேட்டைப் பெண் தன் பங்குக்கு, "வாய் காஞ்சு போகும். தண்ணி கேட்டா சிஸ்டர் குடுப்பாங்க. கேக்கணும், சும்மா இருக்கக் கூடாது," என்றாள். பரங்கிமலை அண்ணன் யாரும் கேட்காமலே மாஸ்கை எடுத்து முகத்தில் வைத்துக்காட்டி, தங்கைக்கும் வைத்துவிட்டான். குன்றத்தூர்ப் பையன் கட்டிலை விட்டிறங்கி வந்து அதைத் தொட்டுப் பார்த்தான். முகர்ந்தான். "ஆமா, நாத்தம் அடிக்குது," என்றான்.

ஜன்னலோரத்துப் பெண் எல்லாரையும் விசாரித்து முடித்தாள். கடைசியில் சிங்கப்பெருமாள் கோவில் பையனின் கையைப் பிடித்து, சதையை அழுத்திப் பார்த்துவிட்டு வார்டுக்கு அறிவித்தாள்: "உசுரோடத்தான் கீறான்."

எல்லாரும் சிரித்தார்கள். பள்ளிக்கரணை அம்மாவும் சிரித்தாள்.

சோதனை நாலாம் நாளே வந்தது. வியாழக்கிழமை, மத்தியானம். காலையிலிருந்து விடாத மழை. குன்றத்தூர்ப் பையனுக்கு இழுப்பு தொடங்கி, பத்தே நிமிஷத்தில் முற்றிவிட்டது. கழுத்துக் குழி உள்ளே போயிற்று. நான் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன். சக்கரம் கிறீச்சிடும் சத்தத்தில் வார்டு அடங்கிப்போனது.

அவன் கண்கள் சிலிண்டரையே பார்த்தன. என் மணிக்கட்டை இறுகப் பிடித்தான். இதோ ஆரம்பிக்கப்போகிறது என்று நினைத்தேன்.

ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. "டேய், அழாத. அழுதா மூச்சு போவும்னு அந்தண்ணன் சொன்னான் இல்ல? நேரா குந்து. முன்னால சாஞ்சுக்கோ."

அவன் நேராக உட்கார்ந்தான். முன்னால் சாய்ந்தான். பிறகு என் கையிலிருந்த மாஸ்கை இரண்டு கையாலும் வாங்கி, தானே முகத்தில் அழுத்திக்கொண்டான். நான் சாவியைத் திருகினேன். காற்று சீறியது. சிலிண்டரோடு இணைத்திருந்த பாட்டில் தண்ணீரில் குமிழிகள் கிளம்பின.

"நாத்தம் அடிக்கும். வுடு, அது போய்டும்," என்றாள் அவள்.

டாக்டர் ஊசி போட்டபோது பையன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் மூச்சு விடுவதில் மும்முரமாக இருந்தான். பதினோரு கட்டில்களும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் காது வரை ஏறி இறங்கின. அப்புறம் பாதி வரை ஏறின. அப்புறம் இருந்த இடத்திலேயே நின்றன. உதட்டில் ரத்தம் திரும்பியது. மாஸ்கை ஒரு விரல் அளவு தூக்கி, ஜன்னல் பக்கம் பார்த்து, "எறங்கிட்டான்," என்றான்.

வார்டே கத்தியது. கட்டில் கம்பியில் டம்ளரால் தட்டினார்கள். மேட்ரனின் செருப்புச் சத்தம் வேகமாக நெருங்கியது. அவர் வாசலில் நின்று பையனைப் பார்த்தார், மாஸ்கைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தார். யாரையும் திட்டாமல் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டிலிருந்து ஒரு தட்டு நிறைய பிஸ்கட் வந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துக்கொண்டே என்னிடம், "இன்னைக்கு ஆக்சிஜன் வீணாகல, பார்த்தீங்களா? அவன் முழுசா இழுத்துக்கிட்டான்," என்றார். அவர் இவ்வளவு பேசியதே அதிகம்.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் மாஸ்குக்காகக் கைகாலைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை என்று சொன்னால் அது மிகை. சிலருக்குப் பிடித்தோம். அதற்குப் பிறகும் சில பிள்ளைகளை இழந்தோம். கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னோம். ஆனால் சிலிண்டர் வருவதைக் கண்டு யாரும் போர்வைக்குள் ஒளியவில்லை. பிழைத்துப் போன பிள்ளைகள் மாதத்தின் முதல் ஞாயிறு வந்து பார்ப்பது வழக்கமாயிற்று. மேட்ரன் அதற்கென்று ஒரு நோட்டே போட்டார்.

ஜன்னலோரத்துப் பெண்ணுக்கு டிசம்பரில் குழாய் எடுத்தோம். சுருங்கிக் கிடந்த நுரையீரல் விரிய வேண்டுமென்று, ஒரு பாட்டிலில் இருக்கும் தண்ணீரை ஊதி ஊதி அடுத்த பாட்டிலுக்கு மாற்றும் பயிற்சி கொடுத்தோம். முதல் நாள் ஒரு விரல் உயரம் மாற்றுவதற்குள் அவளுக்கு வியர்த்துக்கொட்டியது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் முழு பாட்டிலையும் மாற்றினாள். மறுநாள் அம்மாவோடு மேடவாக்கத்துக்குப் பஸ் ஏற நடந்தே போனாள். தூக்கிக்கொள்ள வந்த மாமாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த மாத முதல் ஞாயிறு பச்சைப் பாவாடையில் வந்தாள். அன்று காலையில்தான் ஆறு வயதுப் பெண் ஒருத்தி நிமோனியாவோடு சேர்ந்திருந்தாள். மூக்குச் சிறகு துடிக்க, சிலிண்டரைப் பார்த்து மிரண்டுபோய்க் கிடந்தாள். நான் போய்ச் சேருவதற்குள் இவள் அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "மொதல்ல ரப்பர் நாத்தம் அடிக்கும்," என்று ஆரம்பித்திருந்தாள்.

அந்தக் குழந்தையின் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "யாருங்க சிஸ்டர் அந்தப் பொண்ணு? டாக்டர் வீட்டுப் பொண்ணா?"

"இல்லைங்க. எங்க பேஷன்ட். நெஞ்சுல சீழ் பிடிச்சு ஏழு மாசம் இங்க இருந்தா."

அந்த அம்மா அவளை இன்னொரு முறை தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியை நகர்த்தி அவளுக்குப் போட்டார்.